மஞ்சப்பைக்குள் இருந்த பாதி ரிப்போர்ட்

"மிசினு என்ன சொல்லுச்சு அம்மிணி?" என்று அந்தப் பெரியவர் என்னைக் கேட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதுதான் விதி. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் பாத்தாலஜிஸ்ட்டும் வைத்தியம் பார்க்கும் டாக்டரும்தான் சொல்ல வேண்டும், லேபில் டியூபைக் கையாளுகிற நான் வாயைத் திறக்கக்கூடாது. அது சரியான விதிதான், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அப்படி ஒரு விதி இல்லாமல் இருந்திருந்தால் அந்த நிமிடத்தில் அவரிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. ஏனென்றால் அப்போது என் மனதில் ஒரு பதில் தயாராக இருந்தது, அது தப்பான பதில்.

நான் கோயமுத்தூரில் ஒரு லேபில் 11 வருடமாக ஃப்ளோ சைட்டோமீட்டர் என்கிற, செல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் படிக்கிற மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், கோபி, ஈரோடு, கரூர் என்று நம் பக்கத்தில் யாருக்கு இடுப்பெலும்பின் பின்புறம் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தாலும் அதில் ஒரு பங்கு எங்கள் லேப் போல ஏதோ ஒன்றுக்கு வந்து சேரும். ஊதா மூடி போட்ட சின்ன டியூப், அதற்குள் ஒன்றிரண்டு மில்லி, கூடவே நாலாக மடித்த ஒரு ஃபாரம். டியூபைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஆனால் ஒன்றரை வருடமாக என்னை விடாமல் துரத்துவது அந்த ஃபாரம்தான். (குழந்தையை அடையாளம் தெரியாமல் இருக்க வயதையும் வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.)

அன்றைக்கு ஐப்பசி மழை. மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரு டியூப் வந்தது. பெண் குழந்தை, வயது 6. ஃபாரத்தில் நோய் விவரம் எழுத ஐந்து கோடு விட்டிருப்போம். முதல் கோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டு 'அக்யூட் லுக்கீமியா' என்று எழுதியிருந்தது, அதாவது வேகமாக வளரும் ரத்தப் புற்றுநோய். மீதி நான்கு கோடும் காலி. ரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்று மட்டும் பின் பண்ணியிருந்தது, அதில் ஹீமோகுளோபின் 9, பிளேட்லெட் 68,000, வெள்ளை அணுக்களும் குறைவு. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் எங்கள் டாக்டர் அன்று மாலை வரை வெளியில். ஸ்லைடைப் பார்த்த இளம் டாக்டர் எட்டிப் பார்த்து, "அக்கா, பிளாஸ்ட் மாதிரி 12 சதவீதம் இருக்குது, சீக்கிரம் ஓட்டுங்க" என்றார். பிளாஸ்ட் என்றால் முதிராத இளம் செல், அக்யூட் லுக்கீமியாவில் பெருகுவது அதுதான்.

சாயமும் வெளிச்சமும்

ஓட்டுவது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது அப்போதுதான் புரியும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்லின் முகம் தெரியும். ஆனால் மஜ்ஜையில் இளசாக இருக்கிற செல்கள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே முகம். உருண்டை, பெரிய உட்கரு, சுற்றிலும் நூல் மாதிரி கொஞ்சம் சைட்டோபிளாசம். அது எந்தக் குடும்பம், எத்தனை நாள் வளர்ச்சி என்று முகத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அதனால் செல்லின் மேல்தோலில் என்னென்ன புரதம் இருக்கிறது என்று பார்க்கிறோம். ஒவ்வொரு புரதத்துக்கும் போய் ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடி இருக்கிறது, ஒவ்வொரு ஆன்டிபாடியின் வாலிலும் ஒரு ஒளிரும் சாயம் கட்டியிருக்கும். மஜ்ஜையோடு அவற்றைக் கலந்து கால் மணி நேரம் இருட்டில் வைத்து, சிவப்பணுக்களை ஒரு உப்புக் கரைசலால் உடைத்துக் கழுவி, மீதியை மெஷினுக்குக் கொடுத்தால், அது ஒவ்வொரு செல்லாக வரிசையில் நிறுத்தி லேசர் வெளிச்சத்தைக் கடக்க வைக்கிறது. ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கில் கடக்கும். முன்னால் சிதறும் ஒளி செல்லின் அளவைக் காட்டும், பக்கவாட்டில் சிதறும் ஒளி உள்ளே சிறுமணிகள் எவ்வளவு என்று காட்டும், சாயத்தின் நிறம் எந்தப் புரதம் இருக்கிறது என்று காட்டும். திரையில் ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

எங்கள் மாமன் மகன் திருப்பூரில் துணிக்கு டிஜிட்டல் பிரிண்டிங் போடுகிறான். இங்க் ஜெட் தலையிலிருந்து சொட்டுச் சொட்டாக மை விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவனிடம் ஒருமுறை சொன்னேன், என் மெஷினும் உன் மெஷினும் தூரத்துப் பங்காளிகள் என்று. நம்பவில்லை. ஆனால் உண்மை. 1965இல் அமெரிக்காவில் லாஸ் அலமோஸில் இருந்த மாக் ஃபுல்வைலர், செல்களைத் தனித்தனிச் சொட்டாக்கி மின்னூட்டம் கொடுத்துப் பிரிக்கிற கருவியைச் செய்தபோது, ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் இங்க் ஜெட்டுக்காகக் கண்டுபிடித்த முறையைத்தான் எடுத்துக்கொண்டார். ஜெர்மனியில் வொல்ஃப்காங் கோடே 1968இல் ஒளிரும் சாயத்தை அளக்கிற கருவியைக் கொண்டுவந்தார், ஸ்டான்ஃபோர்டில் லியோனார்ட் ஹெர்சன்பர்க் பிரிப்பதையும் ஒளிர்வதையும் ஒன்றாக்கினார். கருவி இருந்தும் சரியான சாயவால் ஆன்டிபாடி வேண்டுமே. 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே இலக்கை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்க வழி கண்ட பிறகுதான் இந்தத் துறைக்கு உயிர் வந்தது. அதற்கு 1984இல் நோபல். இந்த மேல்தோல் புரதங்களுக்கு உலகெங்கும் ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்துக் குழப்பியதை 1982இல் பாரிஸில் கூடிப் பேசி எண் கொடுத்தார்கள். சிடி 3, சிடி 19, சிடி 34 என்று நாங்கள் மனப்பாடமாக ஒப்பிக்கிற எண்கள் அங்கிருந்து வந்தவை. இன்றைக்கு 350ஐத் தாண்டிவிட்டன.

ஒரு விஷயத்தில் திருப்பூர்க்காரர்களுக்கு என் வேலை சட்டென்று புரியும். சாயம் ஒட்டும். சிவப்புத் துணியோடு வெள்ளை வேட்டியை நனைத்தால் என்ன ஆகுமோ, அதேதான் ஒளிரும் சாயங்களிலும். பச்சையின் வெளிச்சம் கொஞ்சம் மஞ்சளின் கண்ணுக்குள் வழியும். எவ்வளவு வழிகிறது என்று அளந்து கழிக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் இல்லாத புரதம் இருப்பதாகத் தெரியும். நான் தினமும் காலையில் மெஷினை ஆன் செய்ததும் முதலில் பார்ப்பது இதைத்தான், நோயாளியின் டியூபைத் தொடுவது அதற்கப்புறம்.

ஒன்பது சதவீதம்

சரி, அந்தக் குழந்தைக்கு வருகிறேன். முதலில் ஒரு சின்ன டியூப் ஓட்டுவோம், கொஞ்சம் மார்க்கர்கள் (அடையாளம் காட்டும் புரதங்கள்) மட்டும் போட்டு, செல்கள் எந்தக் குடும்பம் என்று தெரிந்துகொள்ள. அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெரிய டியூபுகள். சிடி 45 மங்கலாக, சிறுமணிகளும் இல்லாமல் இருக்கிற இளம் செல்கள் திரையில் ஒரு மூலையில் வந்து விழும். அந்த மூலையில் அன்றைக்குக் கூட்டம். சுற்றி ஒரு வளையம் போட்டேன். 9 சதவீதம். சிடி 19 இருக்கிறது, அப்படியென்றால் பி குடும்பம், வெள்ளை அணுக்களில் ஒரு வகை. சிடி 10 இருக்கிறது, அப்படியென்றால் இளசு. சிலவற்றில் சிடி 34ம் இருக்கிறது, அப்படியென்றால் ரொம்ப இளசு. பிளேட்லெட் இறங்கிய ஆறு வயதுக் குழந்தை, ஸ்லைடில் பிளாஸ்ட், ஃபாரத்தில் அக்யூட் லுக்கீமியா. என் நோட்டில் 'பி ஏஎல்எல்', அதாவது பி செல் வகை அக்யூட் லுக்கீமியா என்று எழுதினேன். கேள்விக்குறிகூடப் போடவில்லை.

அந்த நிமிடத்தை நான் நிறைய தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாத விஷயம் எதுவும் திரையில் இல்லை. குழந்தைகளின் மஜ்ஜையில் ஹெமட்டோகோன் என்று ஒரு கூட்டம் இயல்பாகவே இருக்கும், அவை பி செல்களின் குழந்தைப் பருவம், நோய் இல்லை. கீமோ முடிந்து மஜ்ஜை மீண்டும் துளிர்க்கும்போதும், வைரஸ் காய்ச்சல் வந்து போன பிறகும் அவை ஏகமாகப் பெருகும். அவற்றுக்கும் சிடி 19 உண்டு, சிடி 10 உண்டு, ஆரம்பப் பருவத்தில் சிடி 34 உண்டு. மைக்ரோஸ்கோப்பில் லுக்கீமியா செல்லின் அச்சாகவே இருக்கும். இது எல்லாம் எனக்குத் தெரியும், புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் நான்தான். ஆனால் ஃபாரத்தில் இருந்த அந்த இரண்டு வார்த்தை என் கண்ணுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. எல்லாப் புள்ளிகளையும் ஒரே வளையத்துக்குள் வளைத்துப் போட்டுச் சராசரியைப் படித்தேன். வளையத்துக்குள்ளே அந்தப் புள்ளிகள் எப்படிக் கிடக்கின்றன என்று பார்க்கவில்லை.

அடுத்து எந்த டியூபுகளை ஓட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். மஜ்ஜை இருந்தது கொஞ்சம்தான், எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கப் போதாது. புதிதாக வந்த லுக்கீமியா என்றால் ஒரு கட்டு மார்க்கர், ஏற்கனவே வைத்தியம் பார்த்தவர் என்றால் வேறு கட்டு. வார்டுக்குப் போன் அடித்தேன். மூன்று தடவை அடித்தேன். எடுக்கவில்லை. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், அந்த வார்டுகளில் ஒரு நர்சுக்கு எத்தனை கட்டில் என்று எனக்குத் தெரியும். கீழே ரிசப்ஷனுக்கு அடித்து, அந்த ஃபாரத்தைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டேன். "பாப்பாவோட தாத்தாதான் கொண்டாந்தார். இங்கயேதான் உக்காந்திருக்கார், போகச் சொன்னாலும் போகலைங்க" என்றாள் அங்கிருந்த பெண்.

மஞ்சப்பை

வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மழையில் நனைந்து காய்ந்த சட்டை. ஆனைமலைப் பக்கம் தோப்பு என்றார். பேத்திக்கு அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரியில் கூட இருக்க, மஜ்ஜை டியூபை ஐஸ் வைக்காமல் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று யாரோ சொன்னார்களாம், பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்திருக்கிறார். நான் கோட்டோடு வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அப்போதுதான் அந்தக் கேள்வி. "மிசினு என்ன சொல்லுச்சு அம்மிணி?"

"உக்காருங்கய்யா, இன்னும் டெஸ்ட் முடியலைங்க" என்று மட்டும் சொன்னேன். அப்புறம், "பாப்பாவுக்கு இதுக்கு முன்னாடி ஏதாச்சும் வைத்தியம் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் பக்கத்தில் வைத்திருந்த மஞ்சப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே பாலித்தீன் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் ரப்பர் பேண்ட் போட்ட கட்டு. இரண்டு விரல் தடிமன். மூன்று வருடத்துக்கு முன்னால் வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தைக்கு பி ஏஎல்எல் என்று கண்டுபிடித்து, கீமோ கொடுத்து, ஐந்து மாதத்துக்கு முன்னால்தான் வைத்தியம் முடிந்திருக்கிறது. தேதி வாரியாக அடுக்கியிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தேதியை மட்டும் பார்த்து அடுக்கியிருக்கிறார்.

"பதினஞ்சு இருவது நாளைக்கு முன்னாடி காச்சலுங்க. ஊருக்குள்ள எல்லாக் கொழந்தைக்கும் வந்துச்சு. மத்ததுக எல்லாம் எந்திரிச்சு ஓடுதுக, இவளுக்கு மட்டும் ரத்தம் ஏறலீங்க." பேசும்போது குரல் உடைந்தது. "எல்லாமே இதுக்குள்ள இருக்குதுங்க அம்மிணி. ஆரும் கேக்கலீங்க."

ஆரும் கேக்கலீங்க என்று அவர் குற்றமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். ஆனால் எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. அவருக்குப் பத்தடி மேலே உட்கார்ந்து நான் 'பி ஏஎல்எல்' என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன். அந்த நோட்டில் இருக்கிற வரிக்கு மறுபாதி இவருடைய பைக்குள் இருந்திருக்கிறது. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய லேசருக்கும், இருட்டில் வைத்துப் பாதுகாக்கிற சாயத்துக்கும், எனக்கும் தெரியாத இரண்டு விஷயம், வைத்தியம் முடிந்து ஐந்து மாதம் ஆனதும் மூன்று வாரத்துக்கு முன் காய்ச்சல் வந்ததும், ஒரு ரப்பர் பேண்டுக்குள் இருந்தன.

எனக்கு வேண்டியது அந்தக் கட்டில் ஒரே ஒரு தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் எடுத்த ஃப்ளோ ரிப்போர்ட். தேடினால் கிடைத்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு அவரும் கூடவே வந்தார். போகும்போது ஏதாவது பேச வேண்டுமே என்று தோப்பைப் பற்றிக் கேட்டேன். வெள்ளை ஈயும் வாடல் நோயும் வந்து பாதி மரத்தை வெட்டிவிட்டதாகச் சொன்னார். மிச்ச மரம் தேறுமா தேறாதா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்றேன். "மேல பாத்தாத் தெரியுமுங்க. பாளை, குரும்பை, இளநி, காய், நெத்து, எல்லாப் பருவமும் ஒரே மரத்துல அடுக்கா இருக்கோணும். இருந்தா மரம் உசுரோட இருக்குது. குரும்பையோட நின்னு அதுவே கொட்டுச்சுன்னா சங்கடந்தானுங்க." ஜெராக்ஸுக்கு நான் காசு எடுத்தபோது விடவில்லை, அவரே கொடுத்தார்.

அடுக்காக இருந்ததா

மேலே போய் நோட்டில் எழுதியதை அடித்தேன். முதல் வேலையாக அந்த வளையத்தை எடுத்துவிட்டுப் புள்ளிகளைப் பார்த்தேன். அவர் சொன்னதற்குப் பிறகு எனக்கு அதை வேறு எப்படியும் பார்க்கத் தெரியவில்லை. ஆரோக்கியமான மஜ்ஜையில் பி செல்கள் தென்னை மாதிரித்தான். சிடி 34ம் பிரகாசமான சிடி 10ம் உள்ள ஆரம்பப் பருவம், பிறகு சிடி 34 மறைந்து சிடி 20 மெல்ல மெல்ல ஏறும் நடுப் பருவம், பிறகு சிடி 10 மங்கி சிடி 20ம் சிடி 45ம் நன்றாகத் தெரியும் முற்றிய பருவம். திரையில் இது வளைந்து செல்கிற ஒரு பாதையாகத் தெரியும், ஒவ்வொரு பருவத்திலும் ஆள் இருக்கும். லுக்கீமியாவில் அந்தப் பாதை இருக்காது. ஒரு பருவத்தில் உறைந்துபோன செல்கள் லட்சக்கணக்கில் ஒரே இடத்தில் கொத்தாகக் கிடக்கும். குரும்பை மட்டும் கொட்டிக் கிடக்கிற மரத்தடி.

சின்ன டியூபிலேயே அந்தப் பாதையின் சாயல் தெரிந்தது. ஆனால் சாயலை நம்பி எழுத முடியாது. ஹெமட்டோகோன் இருக்கிறது என்பதாலேயே லுக்கீமியா இல்லை என்று ஆகிவிடாது, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், பெருங்கூட்டத்துக்குள் ஒரு சின்னக் கொத்து ஒளிந்திருக்கலாம். அதனால் இப்போது மீதி மஜ்ஜை முழுவதையும் நோய் மிச்சம் இருக்கிறதா என்று தேடுகிற டியூபுக்கே போட்டேன். பழைய ரிப்போர்ட் அங்கேதான் கைகொடுத்தது. அந்தக் குழந்தையின் லுக்கீமியா செல்களுக்கு மூன்று வருடத்துக்கு முன் இருந்த கைரேகை அதில் இருந்தது. சிடி 10 அளவுக்கு மீறிய பிரகாசம், சிடி 45 இல்லவே இல்லை என்கிற அளவுக்கு மங்கல், சிடி 38 குறைவு, அதோடு பி செல்லில் இருக்கக் கூடாத சிடி 66சி. திரையில் எந்த முகவரியில் போய்த் தேட வேண்டும் என்று அந்தத் தாள் சொன்னது. லுக்கீமியா திரும்பி வரும்போது சில மார்க்கர்களை மாற்றிக்கொண்டும் வரும், அதனால் பழைய முகவரியில் மட்டும் தேடினால் போதாது, இயல்பான பாதையை விட்டு வெளியே யாராவது நிற்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். பத்தாயிரம் செல்லில் ஒன்று, அதாவது 0.01 சதவீதம், அந்த அளவு வரைக்கும் தேட வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் செல்களை ஓட்ட வேண்டும். பத்து லட்சத்துக்கு மேல் ஓட்டினேன்.

மாலை ஏழு மணிக்கு எங்கள் டாக்டர் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் ஸ்லைடை எடுத்து அரை மணி நேரம் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து புள்ளிகளைப் பார்த்தார். சிடி 38 எல்லாவற்றிலும் நல்ல பிரகாசம். சிடி 66சி யாரிடமும் இல்லை. பழைய முகவரி காலி. பாதையில் எல்லாப் பருவத்திலும் ஆள். பாதைக்கு வெளியே ஒருவரும் இல்லை. "ஹெமட்டோகோன்ஸ்தான்" என்றார். அதைச் சொல்லிவிட்டு அந்த ஜெராக்ஸ் தாளைக் கையில் எடுத்து, "இது எங்கிருந்து வந்துச்சு?" என்றார்.

ரிப்போர்ட் அன்றிரவே வைத்தியம் பார்க்கும் டாக்டருக்குப் போய்விட்டது. பெரியவர் எட்டு மணி வரைக்கும் கீழேயே இருந்து கடைசிப் பஸ் போய்விடும் என்று உக்கடத்துக்குக் கிளம்பியிருந்தார். அவரிடம் யார் எப்போது சொன்னார்கள், அவர் என்ன சொன்னார் என்று எதுவும் எனக்குத் தெரியாது. காய்ச்சலில் இறங்கிய எண்ணிக்கை சில வாரத்தில் தானாக ஏறிவிட்டது என்று மட்டும் பிறகு தெரிந்தது.

தெரியாமல் படிப்பதா, தெரிந்து படிப்பதா

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒருவர் எதிர்க்கேள்வி கேட்டார், நியாயமான கேள்வி. நோய் விவரம் தெரிந்தால் அதுவே உங்கள் கண்ணை மறைக்கும் இல்லையா, ஒன்றும் தெரியாமல் படிப்பதுதானே நேர்மை என்றார். நான் அதை ரொம்ப நாள் யோசித்தேன். அவர் சொல்வதில் பாதி எனக்கே நடந்திருக்கிறது, என் கண்ணை மறைத்தது ஃபாரத்தில் இருந்த அந்த இரண்டு வார்த்தைதான். ஃபாரம் முழுக்கக் காலியாக இருந்திருந்தால் ஒருவேளை வளையத்தைக் கவனமாகப் போட்டிருப்பேன். ஆனால் காலி ஃபாரத்தோடு எந்த டியூப் ஓட்டுவது என்றே முடிவு செய்திருக்க முடியாது, பழைய முகவரியும் கிடைத்திருக்காது. அரைகுறை விவரம் ஒன்றும் இல்லாததைவிட மோசம் என்பது என் அபிப்பிராயம். இப்போது நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முதல் டியூபை ஃபாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படிப்பேன், பார்த்ததை எழுதுவேன். பிறகு ஃபாரத்தை, பழைய ரிப்போர்ட்டை, ரத்தப் பரிசோதனையை எல்லாம் படித்துவிட்டு மறுபடியும் திரைக்கு வருவேன். இரண்டு தடவையும் ஒன்றே தெரிந்தால் சரி. வேறு வேறாகத் தெரிந்தால் அங்கே உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

மெஷின் சொல்லாத விஷயங்களும் நிறைய. மஜ்ஜையில் நார் கட்டியிருந்தால் ஊசியில் ஒன்றும் வராது, எலும்புத் துண்டு எடுத்து பயாப்சிதான் பார்க்க வேண்டும். நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியாவை உறுதி செய்ய பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்கிற மரபணு இணைப்பைத் தேட வேண்டும், அதை என் புள்ளிகள் காட்டாது. அதே மாதிரி டியூப் எப்படி வந்தது என்பதும் ரிப்போர்ட்டை மாற்றும். ஊசியில் முதல் இழுப்பில் வருவதுதான் கெட்டியான மஜ்ஜை, அடுத்தடுத்து இழுத்தால் ரத்தம் கலந்துகொண்டே போகும். கடைசி இழுப்பு எனக்கு வந்தால் மஜ்ஜையில் 30 சதவீதம் இருக்கிற பிளாஸ்ட் என் டியூபில் 8 சதவீதமாகத் தெரியலாம். நல்ல எண்ணத்தில் ஐஸ் கட்டிக்குள் டியூபைப் புதைத்து அனுப்புவார்கள், அதுவும் வேண்டாம், அறை வெப்பம்தான் நல்லது, ஆனால் சித்திரை வெயிலில் பஸ் எஞ்சின் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தால் அது அறை வெப்பம் இல்லை. செத்துப்போன செல்களில் எல்லா ஆன்டிபாடியும் கண்டபடி ஒட்டும், இல்லாததெல்லாம் இருப்பதாகத் தெரியும். மயிலோமா என்கிற மஜ்ஜைப் புற்றுநோயில் தேடுகிற பிளாஸ்மா செல்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் செத்துப்போகும். எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனையாவது இழுப்பு என்று ஃபாரத்தில் எழுதியிருந்தால் நான் எதை எவ்வளவு நம்புவது என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் யாருக்காவது இந்த வைத்தியம் நடக்கிறது என்றால் அவர்களிடம் சொல்லுங்கள். முதல் முதலில் எடுத்த ஃப்ளோ ரிப்போர்ட்டை, எல்லாப் பக்கங்களோடும், தனியாக ஒரு கவரில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புள்ளிப் படங்கள் உள்ள பக்கத்தைப் பலர் இது என்னத்துக்கு என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், எனக்கு அந்தப் பக்கம்தான் முதலில் வேண்டும். எப்போது மஜ்ஜை எடுத்தாலும் டியூபோடு அதன் ஜெராக்ஸ் ஒன்றும் போகட்டும். கேட்கவில்லை என்றாலும் கொடுங்கள்.

எங்கள் லேபில் ஃபாரத்தை மாற்றினோம். பழைய ரிப்போர்ட் உண்டா, கடைசியாக எந்த மருந்து எப்போது, காய்ச்சல் வந்ததா என்று தனித்தனிக் கட்டம். மாற்றிய பிறகும் பாதி ஃபாரம் காலியாகத்தான் வருகிறது. அதனால் சாம்பிள் எடுத்துவரப் போகிற தம்பிக்கு ஒரு கேள்வியைப் பழக்கியிருக்கிறோம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டியூபை வாங்கிக்கொண்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்காரர்களிடம் போய், "பழைய ரிப்போர்ட் ஏதாச்சும் பையில இருக்குதுங்களா?" என்று கேட்கிறான். போன வாரம் கரூரிலிருந்து ஒரு டியூபோடு நாலு தாள் கொண்டுவந்தான். 2019ஆம் வருடத்து ஜெராக்ஸ், எப்போதோ தண்ணீர் பட்டுக் காய்ந்து எழுத்தெல்லாம் வெளிறியிருந்தது. டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் இரண்டு வரி மட்டும் படிக்க முடிந்தது. சிடி 34 இல்லை என்று ஒரு வரி, சிடி 7 இருக்கிறது என்று ஒரு வரி. ஃபாரத்தின் ஓரத்தில் அதை எழுதிவிட்டு டியூபை எடுத்தேன்.